நூல் தெரியாத படம்

நல்ல பறவைப் படம் எடுக்க விலை கூடிய கேமரா வேண்டும் என்பது தவறான எண்ணம். பொறுமை இருந்தால் போதும். பாறசாலை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் என் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். வனத்துறை அலுவலரான நீங்கள் நடந்ததை எழுதித் தரச் சொன்னதால் இப்போது எழுதியும் தருகிறேன். பெயர் சுந்தரதாஸ். இருபத்திரண்டு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். பறவைகள் என்றால் எனக்கு உயிர்.

பக்கத்தில் கொல்லயில் என்ற ஊரில் விலாசினி என்பவர் ரவிக்கை தைக்கிறார். அவர் வீட்டுக்குப் பின்னால் சப்போட்டா மரத்தில் ஓர் அரசவால் ஈப்பிடிப்பான் ஜோடி கூடு கட்டியது. ஆண் பறவை பால் வெள்ளை, நீண்ட நாடா போல வால். எங்கள் பக்கம் அது கூடு வைப்பது அபூர்வம். மூன்று குஞ்சுகள் பொரித்ததிலிருந்து விலாசினி அங்கே துணி காயப்போடவில்லை. தேங்காய் வெட்ட வந்த ஆளையும் திருப்பி அனுப்பிவிட்டார். என்னை மட்டும் உள்ளே விட்டார். அவர் மகள் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன், அந்த நம்பிக்கை.

முதலில் வெளிச்சத்தைக் கவனிக்க வேண்டும். கூடு இலைகளுக்குள் மறைந்திருந்தது. இலைகள் பறவைக்கு வசதி, படத்துக்கு அல்ல. ஆறு கொப்புகளைத் தறித்தேன். மேட மாதக் கோடை வெயில் நேராகக் குஞ்சுகள் மேல் விழுந்தது. அவை வாயைத் திறந்து மூச்சு வாங்கின. படத்தில் அது பசி போலத் தெரியும்.

மணப்பெண்ணிடம் தாடையைத் தூக்கச் சொன்னால் தூக்குவாள். குஞ்சுகள் சொன்னபடி கேட்பதில்லை. கூட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எடுத்து வெளிக்கிளையில் வரிசையாக உட்கார்த்தினேன், விழுந்தன. மறுபடி உட்கார்த்தினேன், மறுபடி விழுந்தன. எனக்கு எரிச்சல் வந்தது, அதை மறைக்கவில்லை. முன்வாசலில் தைத்துக்கொண்டிருந்த விலாசினியிடம் போய் நூல் கேட்டேன். மெஷினில் ஓடிக்கொண்டிருந்த மஞ்சள் நூலில் ஒரு முழத்தைப் பல்லால் கடித்துத் தந்தார்.

“குஞ்சுவளுக்கு ஒண்ணும் ஆவாதில்லா அண்ணா?”

“ஒரு இலைய ஒதுக்கிக் கெட்டி வைக்கதுக்காக்கும்,” என்றேன்.

குஞ்சின் கால் ஈர்க்கை விட மெலிது. இரண்டு முடிச்சு போட்டால் அவிழாது. தாயும் தந்தையும் என்னைக் கண்டு பயந்து இரண்டு மணி நேரம் பக்கத்தில் வரவில்லை. பசித்த வாய் நன்றாகத் திறக்கும் என்பதால் நானும் அசையாமல் நின்றேன். பொறுமை என்று முதலில் சொன்னது இதைத்தான். பிறகு நான் கட்டிவைத்திருந்த ஓலை மறைவுக்குள் போனதும் ஆண் பறவை தும்பியோடு வந்தது. மூன்று வாய்களும் ஒன்றாகத் திறந்தன. படம் கிடைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அஜீஷின் போன் வந்தது. நெய்யாற்றின்கரைக்காரன், எங்கள் புகைப்படக் கழகத்தில் இருக்கிறான், என்னைவிடத் திறமைசாலி. எப்படியோ கூட்டின் இடத்தைத் தெரிந்துவைத்திருந்தான்.

“நாளைக்குக் காலையிலே வாறேன் அண்ணா. எனக்க கையில புதிய லென்ஸ் உண்டு.”

கூட்டின் இடத்தை ஒருவருக்கும் சொல்லக்கூடாது, பறவைகளின் பாதுகாப்புதான் முக்கியம் என்று கழகத்தில் எத்தனை தடவை படித்துப் படித்துச் சொல்லியிருப்பேன். ஒரே கூட்டின் இரண்டு படங்கள் போட்டிக்குப் போனால் இரண்டுக்கும் மதிப்பில்லை. அஜீஷ் வந்து பார்த்தபோது கூடு இல்லை. காக்கை கொண்டுபோய்விட்டது என்று விலாசினியிடம் சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆறுதலாகக் கொஞ்ச நேரம் கூடவே இருந்தேன்.

‘தந்தை ஊட்டும் வாய்’ என்று பெயரிட்ட அந்தப் படம் போட்டியில் முதல் பரிசு பெற்றது. ‘பறவைகளுக்குத் தொந்தரவின்றி, இயற்கைச் சூழலில் எடுத்தது’ என்று கீழே எழுதியிருந்தேன். அதன்பின் நெய்யாற்றின்கரையில் ஒரு மண்டபத்தில் எடிட்டிங் வகுப்பு நடத்தச் சொன்னார்கள். விலாசினியை அழைத்துப் பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் உட்காரவைத்தேன். நன்றி மறப்பவன் நான் இல்லை. பரிசுப் படத்தின் மூலப்படத்தைத் திரையில் பெரிதாக்கி, வேண்டாததை எப்படி அழிப்பது என்று காட்டினேன். முதல் குஞ்சின் காலில் இருந்த மஞ்சளை அழித்தேன். இரண்டாவதை அழித்தபோது கை தட்டினார்கள். மூன்றாவதற்குப் போகும்போது விலாசினி எழுந்து நின்றார்.

“அது நான் கடிச்சுத் தந்த நூலாக்கும்,” என்றார்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனார். மறுநாள் உங்களிடம் வந்திருக்கிறார். வகுப்பு பாதியில் நின்றதில் எனக்கு வருத்தம் உண்டு.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். காக்கை எதுவும் வரவில்லை. முடிச்சுகளை அவிழ்க்க நேரமாகும் என்பதால் கிளையோடு முறித்தேன். கூட்டையும் பிய்த்தெடுத்தேன், வெறும் கூட்டைப் பார்த்தால் விலாசினிக்கு மனசு தாங்காது. எல்லாவற்றையும் பின்வழியாக ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கால்வாயில் போட்டேன். பாலம் வரைக்கும் மூன்றும் கத்திக்கொண்டே வந்தன. கொன்றேன் என்று எழுதச் சொல்கிறீர்கள். எழுதுகிறேன், கொன்றேன். ஆனால் கொடுமை என்று உங்கள் குறிப்பில் இருக்கும் சொல்லை என்னால் ஏற்க முடியாது. பரிசு பெற்ற படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பாருங்கள், அதில் நூல் இல்லை.