வீட்டோடு இருக்கும் இணைப்பு

எந்த இணைப்பு நல்லது என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு, மேடம். பன்னிரண்டு வருடமாக வீடுகளுக்குக் கம்பியில்லா இணையம் பொருத்துகிறேன். பல் டாக்டர்கூட என்னை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு அதைத்தான் கேட்டார். நான் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். மொபைல் டேட்டா ஆளோடு போகும். வீட்டு இணைப்பு வீட்டோடு இருக்கும்.

மனைவி இறந்தபின் வீட்டில் நானும் மகளும்தான். அவளுக்கு வயது இருபத்து நான்கு. வெளியூர் வேலைகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். இணையத்தில் நேர்காணல் பேச அமைதியான இடம் வேண்டுமென்றாள். ஒவ்வோர் அறையிலும் சிக்னல் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். பின் அறைக்கு மூன்று பக்கமும் கிடங்குச் சுவர். மேலே ஒரு காற்றுத் துளை. மொபைல் சிக்னல் ஒரு கோடுகூட வராது. அந்த அறையை அவளுக்குக் கொடுத்து, ரவுட்டரையும் உள்ளேயே மாட்டினேன்.

முதல் நேர்காணல் பதினோராவது நிமிடத்தில் அறுந்தது. அடுத்த இரண்டும் அப்படியே. வீட்டு ரவுட்டரை என் கைபேசியிலிருந்தே நிறுத்தலாம். மூன்று முறையும் ஏதோ ஒரு வாடிக்கையாளரின் மொட்டைமாடியில் நின்றுகொண்டு நிறுத்தினேன். சாயங்காலம் வந்து ஆறுதல் சொன்னேன்.

"ஊருக்கெல்லாம் நெட் மாட்டுறீங்க, நம்ம வீட்ல மட்டும் இப்படி மானத்த வாங்குதேப்பா," என்றாள்.

"அடுத்த தடவை சரியா வரும், கண்ணு."

நான்காவது நேர்காணலை அவள் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, மொபைல் டேட்டாவில் பேசியிருக்கிறாள். வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை கிளம்ப வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவள் குளிக்கப் போனபோது அவளுடைய சிம்மை எடுத்து என் கைபேசியில் போட்டுக்கொண்டேன். பின் அறையை வெளியே பூட்டினேன். குளியலறை அறையோடு சேர்ந்தது. வேளை தவறாமல் சாப்பாடு கொடுத்தேன். படம், பாட்டு, செய்தி எல்லாம் திறந்துவைத்து, யாருக்கும் எதையும் அனுப்புகிற வழிகளை மட்டும் அடைத்தேன். தோழி விசாரித்தபோது அவள் எழுதுவது போலவே நான் பதில் எழுதினேன்.

"நான் என்னப்பா பண்ணேன்?" என்று முதல் வாரம் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணலம்மா. சாப்பிடு."

பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். பழகிவிட்டது என்று நினைத்தேன்.

ஒன்றை மறந்துபோனேன். எதை அடைத்தாலும் எங்கள் ரவுட்டரில் நிறுவனத்தின் புகார்ப் பக்கம் மட்டும் திறக்கும். இணைப்பு கொடுத்தவரே அந்தப் புகாரைப் பார்க்கக் கூடாது, வேறொருவர்தான் நேரில் போக வேண்டும் என்பதும் எங்கள் விதி. அதில் அவள் எழுதிய புகார், நாங்கள் மூக்கன் என்று கூப்பிடுகிற ஊழியருக்குப் போயிருக்கிறது. அவர் அதைப் படித்துவிட்டு, ஏணியோடு உங்கள் போலீஸ்காரர்களையும் கூட்டிக்கொண்டு போனார்.

நீங்கள் எழுதியிருப்பது எல்லாம் சரி, மேடம். பூட்டியது நான்தான். எழுபத்து மூன்று நாள் என்பதும் சரிதான். கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் புகாரை மட்டும் நீக்கச் சொல்லுங்கள். 'பின் அறையில் சிக்னல் சரியில்லை. கதவு வெளியே பூட்டியிருக்கிறது' என்று எழுதியிருக்கிறாள். என் வேலையின் மேல் இதுவரை வந்த ஒரே புகார் அதுதான். அதில் முதல் வரி பொய். அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. எழுபத்து மூன்று நாளும் அந்த அறையில் முழு சிக்னல் இருந்தது.