மேவிஸ் வீட்டு ஜன்னல் திரை

எங்கள் பக்கம் டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் விளக்குப் போட்டாக வேண்டும். அதற்கு முன்னால் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குள் இருப்பதெல்லாம் தெருவுக்குக் கண்காட்சி. காலையில் மறக்காமல் விலக்கவும் வேண்டும். கிழடுகள் இருக்கும் வீட்டில் திரை விலகவில்லை என்றால் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். எங்கள் வரிசையில் அதுதான் வழக்கம்.

மேவிஸ் வீட்டுத் திரையை அந்த வாரம் முழுக்க யார் மூடித் திறந்தது என்று கேட்டீர்கள். நான்தான். பக்கத்து வீட்டுக்காரன் என்று சாவியை என்னிடம் கொடுத்து வைத்திருந்தாள்.

எழுதிக்கொள்ளுங்கள். நான் படித்தவன் இல்லை, நீங்கள் எழுதுவது சரியா என்று பார்க்கவும் தெரியாது. சொன்னதை மட்டும் எழுதினால் போதும்.

எங்களுடையது சுரங்கக்காரர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே கூரை. கீழே வீட்டுக்கு வீடு சுவர் உண்டு. மேலே பரணில் கிடையாது. ஒரு வீட்டில் ஏறினால் கடைசி வீடு வரை தவழ்ந்தே போய்விடலாம். போன குளிர்காலம் கடைசி வீடு காலியாகக் கிடந்தது. அதற்குள் புகுந்து, பரண் வழியாகவே வந்து, என் வீட்டில் இறங்கினார்கள் இரண்டு பயல்கள். கரண்ட் செலவை மிச்சம் பிடிக்க நான் விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஆளில்லை என்று நினைத்துவிட்டார்கள். ஒருவன் டார்ச்சை என் முகத்தில் அடித்தான். பிறகு கன்னத்தில் லேசாகத் தட்டி, "அப்படியே உக்காந்திரு தாத்தா, நல்ல பிள்ளையா" என்றான். உட்கார்ந்திருந்தேன். அவர்கள் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன், கால்சட்டை நனைந்தபடி. நிலத்துக்கடியில் முப்பது வருஷம் இருட்டில் வேலை பார்த்தவன் நான்.

அப்புறம் உங்கள் ஆள் ஒருவர் தேவாலயக் கூடத்துக்கு வந்து பேசினார். வீடு காலி என்று வெளியே தெரியக் கூடாது, சாயங்காலம் விளக்கு தானாக எரிய டைமர் மாட்டுங்கள் என்றார். போலீஸ் சொல்வதை நான் நம்புகிறவன் இல்லை. இதை நம்பினேன். மேவிஸ் வீட்டுக்கும் ஒன்று வாங்கி மாட்டினேன். அவள் பின்கதவைப் பூட்டவே மாட்டாள். நான் சத்தம் போட்டால் சிரிப்பாள். "எங்கிட்ட என்னய்யா இருக்கு நார்மன்? திருடன் வந்தா டீ போட்டுக் குடுத்து, அப்படியே கரி வாளியத் தூக்கிட்டு வரச் சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் வீட்டில் விளக்கு எரிந்தது, திரை மூடவில்லை. போய்ப் பார்த்தேன். மாடிப்படி அடியில் கிடந்தாள். இடுப்பு போயிருந்தது. நினைவு தெளிவாகத்தான் இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னாள்.

முன்னறைக்குப் போய் ஃபோனை எடுத்தேன். எடுத்த பிறகுதான் யோசித்தேன். நீல விளக்கோடு வண்டி வரும். வரிசையே வாசலில் வந்து நிற்கும். மேவிஸ் வீடு இனிமேல் காலி என்று ஊருக்கே தெரிந்துவிடும். அவள் பரணுக்கும் என் பரணுக்கும் நடுவே என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை.

ஃபோனை வைத்துவிட்டு வந்து, சொல்லியாயிற்று, வருகிறார்கள் என்றேன்.

தலைக்குத் தலையணை வைத்தேன். இரண்டு கம்பளி போர்த்தினேன். டீயை ஸ்பூனால் ஊட்டினேன். கெட்டவன் இதையெல்லாம் செய்வானா? விடிந்ததும் கூப்பிடலாம் என்றுதான் இருந்தேன். விடிந்ததும், இன்றைக்கும் இருட்டத்தானே போகிறது என்று தோன்றியது. திரையை விலக்கி வைத்தேன். தபால்காரர் அதைப் பார்த்துவிட்டு நிற்காமல் போனார்.

புதன்கிழமை மத்தியானம் அவள் மகன் ட்ரெவர் ஹல் நகரத்திலிருந்து ஃபோனில் பேசினான். அம்மா குளிக்கிறாள், அப்புறம் பேசச் சொல்கிறேன் என்றேன். மேவிஸின் குரல் அதற்குள் கம்மிவிட்டது. ஆனால் காது கேட்டது.

நான் திரும்பி வந்தபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ ஆம்புலன்ஸுக்கும் ஃபோன் பண்ணலை, இல்ல?"

பனி ரோட்டை அடைத்திருக்கிறது என்றேன். வாசல் கதவுக் கண்ணாடியில் மழைத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தாள்.

"பரணுக்காகவா? பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நார்மன். ட்ரெவர விட்டு நடுவுல செங்கல் வச்சு அடைக்கச் சொல்லியிருப்பேன். ஒரு நாள் வேலை." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "இப்பவாவது கூப்பிடுய்யா."

அப்போது கூப்பிட்டால் நேற்றே ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பார்கள், நீங்கள் இப்போது கேட்கிற மாதிரி. போர்வையைச் சரிசெய்து, திரையை மூடிவிட்டு, என் வீட்டுக்குப் போனேன்.

சுவருக்குள் எலி ஓடும் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்கவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது பொய். எங்கள் வரிசையில் ஆபத்து என்றால் பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டுவார்கள். அவள் வீட்டு மாடிப்படி என் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. செருப்பால் தட்டினாளோ கையால் தட்டினாளோ. தட்டுவாள், நிறுத்துவாள், மறுபடியும் தட்டுவாள். அவள்தான் என்று எனக்குத் தெரியும். எழுந்து போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.

தட்டல் எப்போது நின்றது என்று கேட்கிறீர்கள். தெரியாது. அது என் காதில் விழாதபடி நான் பார்த்துக்கொண்டேன்.