எதிர்ப்பக்கத்து ஜெட்

— மாத்திரை அப்புறம் போட்டுக்கறேன். முதல்ல டெலஸ்கோப் எடுத்த படத்தைக் காட்டு.

— லேப்டாப்பை உள்ள கொண்டுபோகக் கூடாதுன்னு நர்ஸ் வாங்கி வச்சுக்கிட்டாங்கக்கா. நானே சொல்றேன், நீ படுத்துக்கிட்டே கேளு.

— போன வாரம் விட்டாங்களே.

— அது வேற நர்ஸ். இந்தம்மா சிடுமூஞ்சி.

— சரி, வாயாலேயே சொல்லு. டெலஸ்கோப் பார்த்து முடிச்சாச்சா?

— நேத்தே முடிஞ்சுது. ஒரு டிஷ் மட்டும் திரும்பமாட்டேன்னு முரண்டு பிடிச்சுது. நானே ஏறி மோட்டாரைக் கழட்டி மாட்டினேன். உன் கருந்துளையால என் முட்டிதான் போச்சு.

— உன் முட்டி கதை இருக்கட்டும். கருந்துளையிலேருந்து நம்ம பக்கமா பீய்ச்சிக்கிட்டு வர்ற ஜெட் தெரியுதா?

— பளிச்சுன்னு தெரியுது.

— அது ஊருக்கே தெரிஞ்சது. கருந்துளை பக்கத்து நட்சத்திரத்தை உறிஞ்சி ரெண்டு பக்கமும்தான் பீய்ச்சி அடிக்குது, பின்பக்கம் போறதையும் ரேடியோ அலையில ஒரு பொட்டா பார்த்துட்டேன்னு நான் ஒருத்திதான் சொல்லிக்கிட்டு இருக்கேன். அந்தப் பொட்டு இருக்கா?

— இருக்குக்கா.

— இன்னொரு தடவை சொல்லு.

— இருக்குக்கா. இதுக்குப் போய் எதுக்குக் கண்ணு கலங்குறே?

— எத்தனை வருஷம்டா. பிள்ளைங்களைக்கூட கவனிக்காம அந்தத் திரை முன்னாடியே கிடந்தேன். நாளைக்கு ஆபரேஷனுக்குப் போறதுக்கு முன்னால காதுல விழுந்துதே, போதும். ஆராய்ச்சிப் பேப்பரை இன்னிக்கே அனுப்பச் சொல்லி என் ஆளுங்ககிட்ட சொல்லிடு.

— என்ன அவசரம்? நீ எழுந்து வந்து அனுப்பு.

— இன்னிக்கே. அதுல பொட்டு இருக்கற இடத்தை மட்டும் எழுதணும். நடுவுலேருந்து எவ்வளவு தள்ளி இருக்கு?

— நீ போன மாசம் பார்த்த அதே இடம்தான். துளிகூட நகரல. அச்சு அசலா அங்கேயே உக்காந்திருக்கு.

— அதே இடத்துலயா?

— அதே இடத்துல. உன் கண்ணுன்னா சும்மாவா?

— டேய், அது ஓடுற சாமான். ஒரு மாசத்துல எங்கேயோ தள்ளிப் போயிருக்கணும். நின்ன இடத்துலயே நின்னா அது ஜெட்டே இல்ல. இல்லேன்னா, நீ கதை விடறே. ரெண்டுல எது?

— எனக்கு மோட்டார்தானேக்கா தெரியும்...

— எது?

— அங்க ஒண்ணுமே இல்லக்கா. உன் ஆளுங்க திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துட்டாங்க. போன மாசம் தெரிஞ்சது நம்ம டிஷ்ஷோட கோளாறுங்கறாங்க. ஆபரேஷனுக்கு முன்னால உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு...

— பேப்பரை நிறுத்தச் சொல்லு. பார்த்தது தப்புன்னு என் பேர்லயே எழுதச் சொல்லு.

— என்னை மன்னிச்சுடுக்கா.

— மன்னிப்பெல்லாம் எதுக்கு, எனக்காகத்தானே சொன்னே. நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காரு. காலையில டாக்டர் உன்னைத் தனியா கூட்டிட்டுப் போய்ப் பேசினாரே, பயப்பட ஒண்ணுமில்லன்னு சொன்னார்னியே, அதை இப்ப என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.