இடது முன் சக்கரம்

அகலச் சக்கரம் பூட்டினால் கார் வடிவாகத்தான் இருக்கும், தங்கச்சி. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. சிஞ்ஞோர் இன்ஸ்பெக்டருக்கு முதலில் அதைச் சொல்லுங்கள். நான் சக்கரத்தைக் குறை சொல்ல வரவில்லை.

மொழிபெயர்க்கத் தமிழ் தெரிந்த ஆளைக் கூப்பிடச் சொன்னது நான்தான். என்னுடையது கராஜில் பழகிய இத்தாலிய பாஷை. நட்டை இறுக்கு, எண்ணெயை மாற்று என்பதற்குப் போதும். இதற்குப் போதாது.

என் பெயர் கொன்ஸ்ரன்ரைன். ஊர் மன்னார். இங்கே பலேர்மோவில், ஒரேத்தோ தெருவில் ஒரு கராஜில் மெக்கானிக். கபோ சந்தைக்கு மேலே ஓர் அறையில் கிரிசாந்தும் நானும் இருக்கிறோம். கிரிசாந்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஞாயிறு பூசைக்கு நான் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருகிற பெடியன். நான் சொல்லப்போகிற காலத்தில் அவன் நடந்து திரிந்தான்.

நாங்கள் இருவரும் ஒரே ஏஜென்சிக்காரன் மூலம் களவாக எல்லை கடந்து வந்தவர்கள். வழியில், பனிக்குள், அவனுக்குக் கடும் காய்ச்சல். மற்றவர்கள் விட்டுவிட்டு நடந்தார்கள். நான் முதுகில் சுமந்தேன். ஒரு மாட்டுக் கொட்டிலில் வைத்து, பாண் துண்டுகளைத் தண்ணீரில் தோய்த்து ஊட்டினேன். நித்திரையிலும் அவன் என் கையை விடவில்லை. என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நாள்கள் அவை. இது வழக்குக்குத் தேவையில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பலேர்மோவுக்கு வந்தபிறகு, பல் டொக்டர் ஸ்பத்தாரோ வீட்டில் அவனுக்கு வேலை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். சமையல், சந்தை, டொக்டரின் தாயார் சிஞ்ஞோரா எமிலியானாவைப் பார்த்துக்கொள்வது, கார் ஓட்டுவது. டொக்டரிடம் அறுபத்தாறாம் ஆண்டு அமெரிக்கக் கார் ஒன்று இருந்தது. நீண்ட மூக்கு, பென்னம்பெரிய எஞ்சின். மசில் கார் என்பார்கள். கப்பலில் வந்து துறைமுகத்தில் இறங்கிய அன்று நானும் கூடப் போயிருந்தேன். ஸ்டார்ட் பண்ணியதும் சுங்கக்காரர்கள் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். டொக்டருக்கு அதை ஓட்டப் பயம். பக்கத்தில் இருந்து ஊர் பார்ப்பார். ஓட்டுவது கிரிசாந்.

டொக்டருக்கு ஒரே ஒரு மனக்குறை. அதன் சொந்தச் சக்கரங்கள் மெலிந்தவை. அவ்வளவு பெரிய உடம்புக்கு அவை எடுப்பாக இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் காலத்து ரேஸ் கார்களின் அகலச் சக்கரங்கள் இப்போது கிடைக்காது. ஆனால் அச்சொட்டாக அதே மாதிரி புதிதாக வார்த்து விற்கிறார்கள். அப்படி நான்கை வரவழைத்து, அகல டயரும் போட்டு, தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் கராஜுக்குக் கொண்டுவந்தார்.

நான் அளந்து பார்த்துவிட்டு நேர்மையாகத்தான் சொன்னேன். "டொக்டர், பின்னுக்குப் பிரச்சினை இல்லை. முன்னுக்கு, ஸ்டியரிங்கை முழுக்க வெட்டித் திருப்பினால் டயர் உள்ளே முட்டும்."

"முட்டாமல் செய்யத்தானே நீ இருக்கிறாய், கொஸ்தாந்தீனோ," என்றார். என் பெயர் அவர் வாயில் அப்படித்தான் வரும்.

அவர் சொன்னது சரி. மட்கார்ட்டின் உள்விளிம்பை மடிக்கவேண்டும். பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் குழாயை டயரிலிருந்து விலத்திக் கட்டவேண்டும். வேலை தெரிந்த எவனும் செய்வான். வலது பக்கத்தை அன்றைக்கே முடித்தேன். இன்றைக்கும் போய்ப் பாருங்கள், அதைவிடச் சுத்தமாக யாரும் செய்யமாட்டார்கள்.

பின்னேரம் அறைக்குப் போனால் கிரிசாந் சாளை மீன் பொரித்துக்கொண்டு நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணை, பேப்பர் எல்லாம் சரிவந்திட்டுது. ஈஸ்டர் முடிய நான் ஜேர்மனிக்குப் போறன்."

அவனுடைய அக்கா அனிற்றா ஜேர்மனியில் இருக்கிறார். அங்கேயே அவனுக்கு ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்.

"நல்லம்," என்றேன்.

"நீங்களும் பிறகு அங்கை வாங்கோவன்."

"ஓம், பாப்பம். மீன் கருகுது, நெருப்பைக் குறை."

எனக்குக் கோபம் வரவில்லை. அதை நீங்கள் தெளிவாகச் சொல்லவேண்டும். நான் அவனுக்காகத்தான் யோசித்தேன். ஜேர்மனி குளிர். அவனுக்கு நெஞ்சு பலவீனம். அந்தப் பெண்ணை அவன் படத்தில் மட்டும்தான் கண்டிருக்கிறான். அவனுக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளும், எந்தப் பக்கம் சரிந்து படுத்தால் இருமல் வரும் என்பதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு கால் முறிந்தால் போதும் என்று நினைத்தேன். கால் முறிந்தால் பயணம் பிந்தும். பிந்தினால் பெண் வீட்டார் வேறு இடம் பார்ப்பார்கள். கால் பிறகு பொருந்திவிடும்.

அடுத்த நாள் இடது பக்கத்தைச் செய்தேன். விளிம்பை ஒழுங்காக மடித்தேன். குழாயை மட்டும் டயர்ப் பக்கமாகத் திருப்பிக் கட்டினேன். நேராக ஓடினால் தொடாது. தெருமுனையில் திரும்பினாலும் தொடாது. இடது பக்கம் முழுக்க வெட்டினால் மட்டும் டயர் அதில் உரசும். உரசி உரசி மெலியும். பலேர்மோவில் அப்படி வெட்டி வெட்டி ஓடவேண்டிய பாதை மொந்தே பெல்லெக்ரீனோ மலைப்பாதைதான். அந்தக் காலத்துக் கார்களில் நாலு சக்கரத்துப் பிரேக்குக்கும் ஒரே எண்ணெய். ஒரு குழாய் வெடித்தால் நாலும் போச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிசாந் அந்த மலையில் இருக்கிற சாந்த ரொசாலியா கோயிலுக்குப் போவான்.

யாரைக் கூட்டிக்கொண்டு என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறாரா? சிஞ்ஞோரா எமிலியானாவை. ஓம், அது எனக்குத் தெரியும். அவர் எப்போதும் பின் சீற்றில் இருப்பவர். பின்னுக்கு இருக்கிறவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்காது என்று எண்ணினேன். நல்ல மனுஷி. நத்தார்ப் பண்டிகைக்கு எனக்குக் கம்பளிச் சால்வை பின்னித் தந்தவர். காரை எடுக்கக் கிரிசாந்தோடு கராஜுக்கு அவரும் வந்திருந்தார். கைத்தடியால் புதுச் சக்கரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது பத்திரமானதா, மகனே?" என்று கேட்டார்.

"கிரிசாந் கவனமாக ஓட்டுவான், சிஞ்ஞோரா," என்றேன். அதில் பொய் இல்லை.

குருத்தோலை ஞாயிறு அன்று நடந்தது. பூசை முடிந்து இறங்கும்போது, ஒரு வளைவில் கார் பாதையோரச் சுவரை உடைத்துக்கொண்டு பைன் மரங்களுக்குள் போய்விட்டது. சிஞ்ஞோரா அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். கிரிசாந்தின் கால்கள் முறியவில்லை. அவற்றில் ஒரு கீறல்கூட இல்லை. முறிந்தது முதுகெலும்பு.

முன்பக்கம் நசுங்கிக் கிடந்த காரை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. பழைய காரை இறக்கத்தில் வேகமாகக் கொண்டுவந்தான் என்று பொலிசார் முடித்துவிட்டார்கள். டொக்டரும் அதை நம்பினார். அவனை ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. அவன் மட்டும் ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான், "பிரேக் மிதிச்சனான் அண்ணை. பிடிக்கேல்லை."

"பதட்டத்திலை மாறி மிதிச்சிருப்பாய்," என்றேன்.

"இல்லை அண்ணை, பிரேக்கைத்தான்."

"அந்த நேரத்திலை எவருக்கும் தெரியாதடா."

அடுத்தடுத்த நாள்களிலும் அதைத்தான் சொன்னேன். பிறகு நான் சொல்லத் தேவைப்படவில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் அவனே சொன்னான், மாறி மிதித்துவிட்டேன் என்று.

அதன்பிறகு அவனுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, மீனில் முள் எடுத்துக் கொடுப்பது, எல்லாம் நான். பின்னேரங்களில் துறைமுகத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் நாப்போலிக் கப்பல் வெளிக்கிடுவதைக் காட்டுவேன். ஜேர்மனிப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. நான் நினைத்தது சரிதானே? சில வேளைகளில் அவன் அழுவான். "ஒரு வயசு போன மனுசியைக் கொன்டுபோட்டன் அண்ணை," என்பான். நான் தலையைத் தடவிவிடுவேன். "நீ வேணுமெண்டு செய்யேல்லை. கடவுளுக்குத் தெரியும்," என்பேன். அப்படியே என் கையைப் பிடித்தபடி நித்திரையாகிவிடுவான். இரண்டு வருடமாக நாங்கள் அப்படி ஒற்றுமையாகத்தான் இருக்கிறோம்.

போன கிழமை அனிற்றா அக்கா வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நீங்கள் செய்தது கூடப்பிறந்தவையும் செய்யாதது. இனி நான் பாக்கிறன் தம்பி. என்ரை வீட்டிலை படியேறத் தேவையில்லாமல் நிலத்தோடை ஒரு அறை இருக்கு. பயிற்சி குடுக்கிற நல்ல ஆஸ்பத்திரியும் பக்கத்திலை இருக்கு. விசாவும் எடுத்திட்டன்."

கிரிசாந் சிரித்தான். "அண்ணை, அங்கை எழும்பி நிக்கப் பழக்குவினமாம்," என்றான். மீன் பொரித்துக்கொண்டு நின்ற அன்றைக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் காணவில்லை. சனிக்கிழமை ஜெனோவாக் கப்பலில் போகிறார்கள்.

அதனால்தான் இன்றைக்கு வந்தேன். அவன் செய்யாத பாவத்தைச் சுமந்துகொண்டு போகக்கூடாது என்று என் மனச்சாட்சி சொன்னது. அவன் பிரேக்கைத்தான் மிதித்தான். குழாயைத் திருப்பிக் கட்டியது நான். சிஞ்ஞோரா எமிலியானாவைக் கொன்றது நான். அவனை முடமாக்கியதும் நான். கார் இன்னும் டொக்டர் வீட்டுக் கராஜில் படங்குத் துணியால் மூடிக் கிடக்கிறது. இடது முன் சக்கரத்தைக் கழற்றச் சொல்லுங்கள், தெரியும்.

எல்லாம் எழுதியாயிற்றா? தாருங்கள், கையெழுத்து வைக்கிறேன். சிறை பற்றிப் பயமில்லை. அது துறைமுகத்துக்குப் பக்கத்தில்தானே. கபோவிலிருந்து அவனை நாற்காலியில் தள்ளிக்கொண்டு வரக்கூடிய தூரம்தான்.

ஒன்றை மட்டும் இன்ஸ்பெக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள், தங்கச்சி. இப்படியான வழக்கில் முக்கிய சாட்சி ஊரைவிட்டுப் போகக்கூடாதாமே. இங்கே வழக்குகள் முடியக் கனகாலம் எடுக்கும் என்றும் சொன்னார்கள். போகக்கூடாது என்ற அந்த அறிவித்தல் அவனுக்குச் சனிக்கிழமைக்கு முதல் போய்ச் சேர்ந்துவிடுமா?