நடுவில் எல்லை ஓடும் பூங்கா

கும். ஷெல் கிளம்புகிறது. எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று. வெடிக்கிறது. நந்திக்கடல் தண்ணீர் மார்பளவு. தோளில் மகள். மூன்று வயது. பின்னால் யாரோ கத்துகிறார்கள்.

"குனியுங்கோ! குனியுங்கோ!"

குனிந்தால் பிள்ளை தண்ணீருக்குள் போய்விடும். நான் குனியவில்லை.

அது 2009 மே. காலை. திகதி தெரியாது. சத்தத்துக்கும் வெடிப்புக்கும் இடையிலான நேரம் மட்டும் தெரியும்.

இப்போது இத்தாலியில், பலெர்மோவில் இருக்கிறேன். சின்யோரா என்று நான் கூப்பிடும் இத்தாலிய அம்மா ஒருவரின் வீட்டில் வேலை. போன மாதம் லீவு கிடைத்தது. ஜெர்மனியில் இருக்கும் அக்காவிடம் போனேன். அக்கா சண்டைக்கு முன்பே நாட்டை விட்டுப் போனவர். பழைய பூங்கா ஒன்றைப் பார்க்கக் கூட்டிப்போனார். பெரிய மரங்கள். புல்வெளி. நடுவே நைசெ ஆறு. இந்தக் கரை ஜெர்மனி. அந்தக் கரை போலந்து. அவர்களுடைய உலகப் போர் முடிந்தபோது ஆற்றையே எல்லையாக்கினார்களாம். பூங்கா இரண்டாகிவிட்டதாம். இப்போது பாலத்தில் காவல் இல்லை. சைக்கிளில் போகிறார்கள். வருகிறார்கள்.

நான் பெர்மெஸ்ஸோவை, இத்தாலியில் இருக்கத் தந்த அனுமதி அட்டையை, கையில் எடுத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. பாலத்தின் பாதியில் கால் நின்றுவிட்டது. கீழே தண்ணீர்.

என்ன என்று அக்கா கேட்டார். சொல்லிவிட்டேன். ஷெல் பட்ட இடத்திலேயே அம்மா செத்துப்போனார் என்று அன்று போனில் சொன்னது பொய். வயிற்றில் காயம். நாங்கள் தண்ணீரில் இறங்கிய கரையில் கிடந்தார். தூக்க ஆள் இல்லை.

"அப்ப அம்மா உயிரோடையோ இருந்தவ?"

"ஓம் அக்கா. பிள்ளையைக் கொண்டு போ எண்டவ. நான் விட்டிட்டு வந்தனான்."

அக்கா என் கையை விட்டார். தனியே நடந்தார். போலந்துக் கரையில் ஒரு வாங்கில் அமர்ந்து எனக்கு முதுகு காட்டி இருந்தார். திரும்பவே இல்லை. நான் நடுப்பாலத்தில். பிறகு கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துக் கடந்தேன். பக்கத்தில் போய் இருந்தேன்.

அக்கா கேட்டார்.

"தண்ணி குடுத்தனியோ?"

"குடுத்தனான்."

அது உண்மை. அக்கா என் தோளில் சாய்ந்து அழுதார்.

பலெர்மோவுக்குத் திரும்பி வந்தும் இருப்புக்கொள்ளவில்லை. கபோ சந்தையில் கடையின் இரும்புக் கதவு படார் என்று விழுகிறது. எழுந்து நிற்கிறேன். அதனால் எழுதி வைக்கிறேன்.

அன்று புறப்பட்டவர் ஐந்து பேர். அக்கரை ஏறியவர் இரண்டு பேர், நானும் மகளும். என் கணவர், பதுங்குகுழி வாசலில். தம்பி, தண்ணீருக்குள். உடல் கிடைக்கவில்லை. அம்மா, கரையில். எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தார் என்று தெரியாது.