மொருலா வார்டில் திருட்டு இல்லை

கெனோசி: பேரு?

செதுன்யா: விளையாடாதீங்க அண்ணே.

கெனோசி: விளையாடலம்மா. பாரத்துல முதல் கட்டமே பேருதான். இந்தக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் யார் வந்து நின்னாலும் சார்ஜென்ட் கெனோசிக்கு அவங்களைத் தெரியாது.

செதுன்யா: அஞ்சு வருஷமா இதே ஸ்டேஷன் மாடியில உக்காந்திருக்கேன். போன வாரம் என் டீயில பாதியைக் குடிச்சது யாரு?

கெனோசி: அது வேற கேஸ். பேரு?

செதுன்யா: செதுன்யா மொட்லாலே.

கெனோசி: வயசு?

செதுன்யா: முப்பத்தி... ஒன்பது.

கெனோசி: தயங்குறீங்களே. சரி, தொழில்?

செதுன்யா: குற்றப் பகுப்பாய்வாளர்.

கெனோசி: கட்டம் சின்னதும்மா, இவ்வளவு நீளம் பிடிக்காது. ஜோசியம்னு போட்டுக்கட்டா?

செதுன்யா: போட்டுக்குங்க. எங்க அம்மாகூட அப்படித்தான் பக்கத்து வீட்ல சொல்லி வெச்சிருக்காங்க. மக போலீஸ்ல இருக்கா, ஆனா யாரையும் பிடிக்க மாட்டா, எங்க பிடிக்கலாம்னு மட்டும் சொல்லுவான்னு.

கெனோசி: ஜோசியக்காரி வீட்டுலயே திருட்டு. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி...

செதுன்யா: ...கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி. ராத்திரி பூரா அதையேதான் எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன். மேல எழுதுங்க.

கெனோசி: என்ன போச்சு?

செதுன்யா: கேஸ் சிலிண்டர் ஒண்ணு. மூணு கால் இரும்புப் பானை ஒண்ணு.

கெனோசி: காலிப் பானையா?

செதுன்யா: இல்ல... கறியோட. நேத்து லீவுதானே, காலையிலேர்ந்து வேக வெச்சு, இடிச்சு, பதமா எடுத்து வெச்சது. இன்னைக்கு மீட்டிங் முடிஞ்சதும் உங்களுக்கெல்லாம் போடலாம்னு.

கெனோசி: எங்களுக்கா?

செதுன்யா: உங்களுக்குத்தான்.

கெனோசி: அப்ப எங்க கறியைத் திருடியிருக்கான். மோப்ப நாயைக் கூப்பிட்டுடலாமா?

செதுன்யா: நாய் பானையைக் கண்டுபிடிக்கும். கறியைத் திருப்பித் தராது.

கெனோசி: அதுவும் சரிதான். வேற?

செதுன்யா: வேற... ஒரு சுருள். இவ்வளவு நீளம். அட்டைக் குழாய்க்குள்ள வெச்சிருந்தேன். திரைச்சீலைத் துணின்னு நினைச்சிருப்பான்.

கெனோசி: என்ன சுருள்?

செதுன்யா: படம்.

கெனோசி: எந்தப் படம்? ...அம்மா, அந்தப் படமா? பத்து மணிக்குக் கமாண்டர்கிட்ட காட்டப் போற படமா?

செதுன்யா: அதேதான். எந்த வார்டுல எவ்வளவு திருட்டு, எங்க ரோந்து வண்டி போகுது, எங்க போகல, எல்லாம் கலர் கலரா போட்டது. ரெண்டு மாச வேலை. இப்ப ஒரு திருடன் வீட்டுச் சுவத்துல தொங்கிட்டிருக்கும்.

கெனோசி: உங்க வேலையை மதிக்கிற முதல் ஆளு அவன்தாம்மா.

செதுன்யா: சிரிக்காதீங்க. கம்ப்யூட்டர்ல இன்னொண்ணு இருக்கு. அச்சடிச்சுக்கலாம்.

கெனோசி: எத்தனை மணிக்கு நடந்தது?

செதுன்யா: சாயங்காலம் ஆறுலேர்ந்து எட்டுக்குள்ள. சர்ச்சுல பாட்டுப் பயிற்சி. வந்து பார்த்தா கதவு பூட்டினபடியே இருக்கு, உள்ள அடுப்பு மட்டும் தனியா நிக்குது.

கெனோசி: கதவு பூட்டினபடியே இருந்ததா? அப்ப எப்படி உள்ள வந்தான்?

செதுன்யா: சாவி போட்டு.

கெனோசி: சாவி அவன்கிட்ட எப்படி?

செதுன்யா: வாசல்ல இருந்தது.

கெனோசி: வாசல்ல எங்க?

செதுன்யா: பூந்தொட்டி... பக்கத்துல.

கெனோசி: பக்கத்துலயா, அடியிலயா?

செதுன்யா: அடியில.

கெனோசி: போன மாசம் ரேடியோவுல ஒரு அம்மா பேசினாங்க. நல்ல குரல். பூந்தொட்டிக்கு அடியில சாவி வைக்காதீங்க, திருடன் முதல்ல அங்கதான் கை வைப்பான்னு. என் பொண்டாட்டி கேட்டுட்டு அன்னைக்கே சாவியை எடுத்து மாவு டப்பாவுல போட்டுட்டா. ரெண்டு நாள் நான் வீட்டுக்குள்ள போக முடியல.

செதுன்யா: அந்த அம்மா நான்தான்.

கெனோசி: தெரியும்.

செதுன்யா: அவனும் ரேடியோ கேட்டிருக்கான் போல. பொறுப்பா கதவைப் பூட்டிட்டு, எடுத்த சாவியைத் தொட்டி அடியிலயே திரும்ப வெச்சுட்டுப் போயிருக்கான். எங்க வீட்ல அவ்வளவு ஒழுங்கா நான்கூட வெச்சதில்ல.

கெனோசி: சரி... வீடு எந்த வார்டு?

செதுன்யா: மொருலா.

கெனோசி: மொருலாவா?

செதுன்யா: ஏன் பேனாவைக் கீழ வெச்சுட்டீங்க?

கெனோசி: மொருலா உங்க படத்துல பச்சைல்ல?

செதுன்யா: நல்ல பச்சை. அந்தப் பச்சையைத் தேர்ந்தெடுக்கவே எனக்கு ஒரு மத்தியானம் ஆச்சு. ஒன்றரை வருஷமா ஒரு திருட்டுகூட இல்லாத ஒரே வார்டு. அதனால அங்க சுத்துற ரோந்து வண்டியை எடுத்து பஸ் நிலையம் பக்கம் விடலாம்னு எழுதியிருக்கேன். கடைசிப் பக்கத்துல, தடிமனான எழுத்துல.

கெனோசி: கமாண்டர் ஒத்துக்குவாரா?

செதுன்யா: ஏற்கெனவே ஒத்துக்கிட்டார். இன்னைக்குக் கையெழுத்து மட்டும்தான்.

கெனோசி: அப்ப நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஒரு பானை, ஒரு சிலிண்டர். வேற யார்கிட்டயும் சொல்லலியே?

செதுன்யா: இல்ல.

கெனோசி: எழுத வேணாமே. என் வீட்ல ஒரு சிலிண்டர் சும்மாதான் கிடக்கு, தர்றேன். படத்தை அச்சடிச்சுக்கிட்டு மேல போங்க. மானம் மிஞ்சும். உங்களுக்கும் எனக்கும்.

செதுன்யா: உங்களுக்கு என்ன மானம் இதுல?

கெனோசி: பேச்சுக்குச் சொன்னேன்.

செதுன்யா: இல்ல. உங்க காது சிவக்குது. அண்ணே, நேத்து ராத்திரி தூக்கம் வராம அந்தக் கணக்கைத் திரும்பப் பார்த்தேன். மொருலாவுல நானூறு வீடு. ஒன்றரை வருஷம். ஒரு கோழிகூட காணாமப் போகல. ஒரு செருப்புகூட. சொர்க்கத்துலகூட அவ்வளவு சுத்தமா இருக்காது.

கெனோசி: நல்ல ஜனங்க.

செதுன்யா: நானும் அங்கதான் இருக்கேன், அந்த ஜனங்களை எனக்குத் தெரியும். இந்தக் கவுண்டருக்கு வந்தவங்க என்ன ஆனாங்க?

கெனோசி: வந்தவங்க... வந்தாங்க, போனாங்க.

செதுன்யா: எழுதினீங்களா?

கெனோசி: டீ சாப்பிடறீங்களா? சூடா மக்வின்யா போண்டா இருக்கு, எண்ணெய் இன்னும் காயல.

செதுன்யா: அண்ணே.

கெனோசி: ...எழுதல. இந்தப் பாரம் ஒன்பது பக்கம்மா. முதல்ல சோம்பேறித்தனம், பொய் சொல்ல மாட்டேன். மருமகப்பிள்ளை எடுத்திருப்பான், நல்லா தேடிப் பாருங்கம்மான்னு அனுப்பிச்சேன். அப்புறம் போன ஜனவரியில அந்தக் கேடயம் வந்துதே... மாவட்டத்துலயே குறைஞ்ச திருட்டுன்னு. கமாண்டர் எனக்குக் கை கொடுத்தாரு. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல முதல் தடவை. அந்தக் கையை ரெண்டு நாள் கழுவல.

செதுன்யா: எத்தனை பேரை அனுப்பிச்சீங்க?

கெனோசி: மொருலாவுலேர்ந்து மட்டும் ஏழு.

செதுன்யா: எப்படி அவ்வளவு சரியா தெரியும்?

கெனோசி: தனியா ஒரு நோட்டுல பேரு எழுதி வெச்சிருக்கேன். எழுதாம அனுப்புறதும் முடியல, அனுப்பினதை மறக்கறதும் முடியல. இந்த டிராயர்லதான் கிடக்கு. இந்தாங்க.

செதுன்யா: ...தையல்காரர் ரத்சோனா. ரெண்டு ஆடு. இது யாரு, பேக்கரி வெச்சிருக்கற அம்மாவா... கடைசியில இது... போனோலோ?

கெனோசி: ஆஸ்பத்திரி நர்ஸ். போன மாசம் டூட்டி முடிஞ்சு நடந்து வரும்போது பையைப் பிடுங்கி, கீழ தள்ளிவிட்டுட்டான். முழங்கையில ஆறு தையல்.

செதுன்யா: என் எதிர் வீடு. கட்டோட பார்த்தேன். என்னாச்சுன்னு கேட்டேன். குளியலறையில வழுக்கிட்டேன்னு சொன்னாங்க.

கெனோசி: இங்க வந்து சொல்லி என்ன கிடைச்சது அவங்களுக்கு, உங்ககிட்ட சொல்றதுக்கு?

செதுன்யா: அவங்க தினமும் அந்த வழியிலதான் வர்றாங்க. வெளிச்சம்னு இருக்கறதே அந்த ரோந்து வண்டி விளக்குதான். அதையும் எடுக்கச் சொல்லி நான் எழுதியிருக்கேன். தடிமனா.

கெனோசி: உங்களுக்குத் தெரியாதேம்மா.

செதுன்யா: என்னைச் சமாதானப்படுத்தாதீங்க. கோவமா வருது.

கெனோசி: திட்டுங்க. வாங்கிக்கறேன்.

செதுன்யா: திட்டத்தான் போறேன். நான் மேல உக்காந்து புள்ளி வைக்கிறேன், நீங்க கீழ உக்காந்து புள்ளியை அழிக்கிறீங்க. நடுவுல நர்ஸம்மா கையில தையல் போட்டுக்கறாங்க. இதுக்குக் கேடயம் வேற. அந்தக் கேடயத்தைத் துடைக்கறது யாரு?

கெனோசி: நான்தான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை.

செதுன்யா: மணி என்ன?

கெனோசி: எட்டே முக்கால்.

செதுன்யா: ஏழையும் எழுதுங்க. இப்ப.

கெனோசி: அறுபத்து மூணு பக்கம்மா.

செதுன்யா: நானும் எழுதறேன், பேனா கொடுங்க. பேரும் தேதியும் போட்டு முதல் பக்கம் இருந்தாப் போதும், மத்ததை அவங்களை வரச்சொல்லி உக்காத்தி வெச்சுக் கேட்டு எழுதுங்க. நாற்காலி போட்டு.

கெனோசி: பழைய தேதியில ஏழு கேஸ் ஒரே நாள்ல ஏறினா கமாண்டர் கேப்பாரு.

செதுன்யா: கேக்கட்டும்.

கெனோசி: என்னை எல்லைச் சாவடிக்குத் தூக்கிப் போட்டுடுவாரு. அங்க ஒட்டகச்சிவிங்கிதான் புகார் கொடுக்க வரும்.

செதுன்யா: அதோட புகாரையாவது எழுதுங்க.

கெனோசி: உங்களை?

செதுன்யா: என்னை என்ன பண்ணுவாங்க? மேல போய், ஐயா இந்தப் படம் தப்பு, இந்தப் பச்சை பச்சையில்ல, வண்டியை எடுக்காதீங்கன்னு சொல்லப் போறேன். ரெண்டு மாசம் எதுக்குச் சம்பளம் வாங்கினேன்னு கேப்பாரு. தலைமையகத்துல ஒரு பதவிக்குப் பேர் அனுப்பறதா இருந்தாரு. அனுப்ப மாட்டாரு.

கெனோசி: எல்லைச் சாவடியில ரெண்டு நாற்காலி போடச் சொல்றேன்.

செதுன்யா: ஒண்ணு மரத்தடியில போடுங்க. எனக்கு வெயில் ஆகாது.

கெனோசி: ...ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க காலையில கதவைத் திறந்து உள்ள வந்தப்ப எனக்குப் பகீர்னுச்சு. பானைக்காக இந்த அம்மா வாயைத் திறக்கப் போறா, எல்லாம் வெளிய வந்துடும்னு. இப்ப என்னவோ லேசா இருக்கு. நீங்க பரவால்லம்மா. மத்தவங்களா இருந்தா படத்தைக் காப்பாத்திக்கிட்டு மேல போயிருப்பாங்க.

செதுன்யா: என்னைப் புகழாதீங்க அண்ணே.

கெனோசி: புகழல, உள்ளதைச் சொன்னேன். உங்களுக்குத் தப்பு பிடிக்காது. சரி, உங்க பாரத்தை முடிச்சுட்டு மத்ததுக்குப் போவோம். ஒன்பதாம் பக்கம், கடைசிக் கட்டம். இதே வீட்டில் இதற்கு முன் திருட்டு நடந்ததுண்டா... இல்லைன்னு போட்டுடறேன்.

செதுன்யா: போடாதீங்க.

கெனோசி: ஏன்?

செதுன்யா: ரெண்டு தடவை நடந்திருக்கு. போன மார்ச்சுல டிவி, ஆகஸ்ட்டுல தையல் மெஷின். ரெண்டு தடவையும் புகார் கொடுக்கணும்னுதான் இந்தக் கவுண்டர் வரைக்கும் வந்தேன்... வார்டு பச்சையா இருக்கே, முதல் சிவப்புப் புள்ளியை என் வீட்டு மேலயே வைக்கணுமேன்னு நினைச்சு, உங்களுக்குக் குட்மார்னிங் சொல்லிட்டு மாடி ஏறிப் போயிட்டேன்.