பாக்கியராஜ் பெயரில் போன சான்றிதழ்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாக இயக்குநர் அசோக்குமார் அவர்களே, ஜெபம் செய்து கூட்டத்தைத் தொடங்கிவைத்த போதகர் ஐயா அவர்களே, பெங்களூரிலிருந்து வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் நிறுவன அதிகாரிகளே, பாக்கியராஜின் மனைவி, எனக்குத் தங்கை போன்ற கிருபாராணி அவர்களே, மகள் கெசியா, இந்தக் கேன்டீனில் இன்று சாப்பாட்டுத் தட்டு இல்லாமல் கூடியிருக்கும் என் தோழர்களே! எல்லோருக்கும் டூல் ரூம் ஆஞ்சப்பனின் வணக்கம்.

என்னைப் பேசக் கூப்பிட்டதே எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. சங்கச் செயலாளனை மேடையேற்ற இந்த நிர்வாகம் என்றைக்கு ஆசைப்பட்டிருக்கிறது? "ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லிட்டு எறங்கிடுங்க" என்று காலையிலேயே என்னிடம் சொல்லிவிட்டார்கள். நல்லதாகவே சொல்கிறேன். இறங்குவதற்குத்தான் கொஞ்ச நேரமாகும்.

நம் தரச் சான்றிதழ்ப் பிரிவின் பொறுப்பாளர், என் நண்பர் பாக்கியராஜ் எப்படிப்பட்டவர்? நல்லவர், வல்லவர் என்று வாசலில் கட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸே சொல்கிறது. அதில் இல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். பாக்கியராஜ் யாரையும் நம்பாதவர்! என்னை நம்பமாட்டார். இயக்குநரை நம்பமாட்டார். அவர் கையால் கட்டிய ஏற்பாட்டையே அவர் நம்பவில்லை. அந்த நம்பாத குணத்தால்தான் நாம் செய்த பிரேக் பாகங்களை நம்பி ஜனங்கள் வண்டி ஓட்டினார்கள்.

அந்த ஏற்பாடு என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்பெல்லாம் பெங்களூரிலிருந்து ஆர்டர் மெயிலில் வரும். கூடவே ஒரு பிடிஎஃப் இருக்கும். அதைத் திறந்து, பார்த்து, வேறொரு பக்கத்தில் தட்டி, சான்றிதழ் செய்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் எடுத்து மறுபடி மெயிலில் அனுப்ப வேண்டும். அதுவரை லாரி கேட்டில் நிற்கும். பாக்கியராஜ் என்ன செய்தார்? புரோகிராம் எழுதத் தெரியாதவர்களுக்கென்றே வந்திருக்கும் ஒரு கருவியைத் தானாகவே கற்றுக்கொண்டார். திரையில் கட்டம் கட்டமாக வரும். ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுக்க வேண்டும், அவ்வளவுதான். மெயில் வந்தால் பிடிஎஃபை எடு. ஆர்டர் எண்ணைப் படி. அளவுகளைச் சேர். சான்றிதழ் செய். கையெழுத்தை ஒட்டு. அனுப்பு!

அதைப் பார்த்த அன்றே நான் கேட்டேன்: "ஏம்ப்பா, இதுல எத்தன பேரு வேல போவும்?" அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வேல போறது இருக்கட்டும் ஆஞ்சப்பா. தப்பு போனா என்னா பண்றது? இது தப்பக்கூட அழகா அனுப்பிடும்."

அதனால் கடைசிக் கட்டத்துக்கு முன்னால் ஒரு நிறுத்தம் வைத்தார். அங்கே வந்ததும் அந்தக் கருவி அவருடைய போனுக்கு ஒரு கேள்வி அனுப்பும்: 'அனுப்பலாமா?' உடனே அழுத்துவாரா? மாட்டார்! எழுந்து போய்ச் சரக்குப் பெட்டியைத் திறந்து, ஒரு பாகத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அழுத்துவார். லாரி டிரைவர் எல்லப்பன் கேட்டிலிருந்தே சத்தம் போடுவார்: "ஏன் சார், நேரமானா அத்திப்பள்ளி டிராஃபிக்ல மாட்டிக்குவேன் சார். பேப்பர் ரெடியா இல்லியா?" இவர் நடந்துகொண்டே பதில் சொல்வார்: "பேப்பர் ரெடிதான்ப்பா. சாமான் ரெடியான்னு பாக்கப் போறேன்."

ஒருமுறை பெங்களூர்க்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் தங்கள் பிடிஎஃபின் அமைப்பை மாற்றிவிட்டார்கள். கருவி பழைய இடத்திலேயே தேடி, வேறு பாகத்தின் எண்ணை எடுத்துக்கொண்டது. சான்றிதழ் பளிச்சென்று வந்தது. பெட்டிக்குள் இருந்ததோ வேறு சரக்கு! யார் கண்டுபிடித்தது? அந்தக் கருவியா? மேடையில் இருப்பவர்களா? பெட்டியைத் திறந்து பார்த்த பாக்கியராஜ்! அதற்குப் பிறகும் "அந்த நிறுத்தத்தை எடுத்துடுங்க, டைம் வேஸ்ட்" என்று அவரிடம் சொன்னவர்கள் உண்டு. பெயர் சொல்லவில்லை. அவர்கள் இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். போய்விட்டார். அடக்கம் செய்துவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

தோழர்களே, அடக்கமான மனிதரின் பெயரில் சான்றிதழ்கள் போய்க்கொண்டே இருந்தன! 'இப்படிக்கு, பாக்கியராஜ்' என்று கையெழுத்தோடு போயின. இங்கே வந்த பெங்களூர் அதிகாரி ஒருவர் வாசல் ஃபிளெக்ஸில் தேதியைப் பார்த்திருக்கிறார். திரும்பிப் போனால், அந்தத் தேதிக்குப் பிந்தைய சான்றிதழ் அவர் மேசையில் இருக்கிறது. அவர்கள் நமக்கு என்ன எழுதினார்கள் தெரியுமா? "உங்கள் பாக்கியராஜ் உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான் பார்க்காமலே கையெழுத்துப் போயிருக்குமோ? அவர் கொடுத்த எல்லாச் சான்றிதழையும் சந்தேகிக்கிறோம்." வாழ்நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்துக் கையெழுத்திட்ட மனிதருக்கு இந்தப் பெயரா?

யார் செய்த வேலை இது? நான் முதலில் சந்தேகப்பட்டது இயக்குநர் அவர்களைத்தான். முகத்துக்கு நேரே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளட்டும். செத்தவர் பெயரில் காகிதம் போனால், நாளைக்கு பிரேக் உடைந்தாலும் கேள்வி கேட்க ஆள் இருக்காதே! வசதிதானே? அந்த நிறுத்தத்தை இவர்கள் பிடுங்கிவிட்டார்கள் என்றே நினைத்தேன். கம்ப்யூட்டர் பிரிவு சுப்ரியாவிடம் போய் நின்றேன். அந்தப் பெண் தேடிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துச் சொன்னாள்: "நிறுத்தம் அப்படியே இருக்குது சார். ஒவ்வொரு தடவையும் யாரோ அழுத்தியிருக்காங்க. பாக்கியராஜ் சார் போன்ல இருந்தேதான்."

நேரே மத்திகிரியில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய படத்துக்குப் பக்கத்தில் போன் சார்ஜில் கிடந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே தங்கை கிருபாராணி கேட்டார்: "வண்டியெல்லாம் நேரத்துக்குப் போச்சாண்ணா?"

நம் கேட்டில் ஒரு பலகை இருக்கிறது. சான்றிதழுக்கு அழைக்க வேண்டிய நம்பர் என்று பாக்கியராஜின் நம்பர் அதில் இருக்கிறது. அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. வந்த புது டிரைவரெல்லாம் அதைப் பார்த்து அழைத்திருக்கிறார்கள். துக்க வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. தங்கை சொன்னார்: "வண்டி நிக்குதுன்னு சொல்லிட்டே இருந்தாங்கண்ணா. போன்லயும் அனுப்பலாமான்னு கேட்டுச்சு. சாமான அங்க யாராச்சும் பாத்திருப்பாங்க, இது மட்டும்தான் பாக்கின்னு நெனச்சேன். அவரால வேல நின்னுபோச்சுன்னு யாரும் சொல்லிடக் கூடாதில்ல? அதான் அழுத்திட்டேன்."

விஷயத்தை விளக்கினேன். தங்கை வெகுநேரம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கூட்டத்துல எம்பேர சொல்லியே பேசுங்கண்ணா. அழுத்துனது நான்தான்னு சொல்லுங்க. அவரு பேர்ல சந்தேகம் நிக்கக் கூடாது." அதனால்தான் சொன்னேன். பெங்களூர் அதிகாரிகளே, கேட்டுக்கொள்ளுங்கள்! பாக்கியராஜ் உயிரோடு இருந்தவரை பார்க்காமல் ஒன்றும் அனுப்பவில்லை. பிறகு போன பெட்டிகளைத் திரும்ப வரவழைத்துவிட்டோம். ஒன்றில் ஒரு பாகத்தின் துளை சாய்ந்திருந்தது. நல்லவேளையாக அது எந்த வண்டியிலும் இன்னும் பூட்டப்படவில்லை.

ஆனால் பழியைத் தங்கை மேல் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளலாம் என்று யாராவது நினைக்கிறீர்களா? எனக்கு அந்தச் சந்தேகம் இருக்கிறது. அவர் துக்கத்தில் அழுத்தினார். நாம் எதில் இருந்தோம்? ஒவ்வொரு சான்றிதழின் நகலும் ஆபீசுக்கு வந்தது, ஸ்டோருக்கு வந்தது, அனுப்பும் பிரிவுக்கு வந்தது. முந்தின நாள்தான் மாலை போட்டு மண் தள்ளிவிட்டு வந்த மனிதரின் பெயரில் வந்தது! ஒருவராவது "இது எப்படி?" என்று கேட்டோமா? காகிதம் வந்தது, லாரி கிளம்பியது, நமக்கு அது போதும் என்று இருந்துவிட்டோம்! சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர் போனதும் இந்தத் தொழிற்சாலையில் யாருமே சந்தேகப்படவில்லை. இதைவிடப் பெரிய இழப்பு எது?

பாக்கியராஜ், உன் கையெழுத்தை அந்தக் கருவியிலிருந்து நேற்று எடுத்துவிட்டோம். இனி அதில் என் பெயர் இருக்கும். யார் சொன்னாலும் அந்த நிறுத்தம் இருக்கும். கேள்வி என் போனுக்கு வரும். பெட்டியைத் திறக்காமல் நான் அழுத்த மாட்டேன்.

நான் பேசத் தொடங்கியபோதே முதல் கேள்வி வந்துவிட்டது. சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. எல்லப்பன் கேட்டில் ஹார்ன் அடிப்பது உங்களுக்கும் கேட்கும். இயக்குநர் அவர்களும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

வண்டி நிற்கட்டும். நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.